இல்ல ஆய்வுக்கு ஆயத்தமாதல்: தத்தெடுக்கவும் வளர்ப்புப் பராமரிப்புக்கும் விண்ணப்பிப்போருக்கான வழிகாட்டி

இந்தியாவில் ஆதரவற்ற, கைவிடப்பட்ட அல்லது பெற்றோரால் ஒப்படைக்கப்பட்ட ஒரு குழந்தையைத் தத்தெடுக்க விரும்பும் எவரும், அந்தக் குழந்தையின் புகைப்படத்தைப் பார்ப்பதற்கு வெகுகாலம் முன்பே தம்மைப் பற்றிய விரிவான விசாரணை ஒன்றுக்கு உட்பட வேண்டியிருக்கிறது. வயது, உடல்நலம், வருமானம், குற்றப் பின்னணி, மணவாழ்க்கை, வீட்டுச் சூழல், உற்றார் உறவினரின் மனப்போக்கு ஆகிய அனைத்தும் அதில் அடங்கும். இவ்விசாரணையின் முடிவாக எழுதப்படும் ஆவணமே இல்ல ஆய்வு அறிக்கை. அது சாதகமாக அமையாத வரையில் விண்ணப்பம் அடுத்த கட்டத்துக்கு நகராது. பலர் இதை வீடு எவ்வளவு பெரியது, சம்பளம் எவ்வளவு என்று பார்க்கும் சோதனையாக எண்ணி அஞ்சுகிறார்கள். ஆனால் காகிதத்தில் உள்ளதும், வீட்டில் தெரிவதும், கணவனும் மனைவியும் தனித்தனியே சொல்வதும் ஒன்றோடொன்று பொருந்துகின்றனவா என்பதுதான் சமூகப் பணியாளர் முதலில் கவனிக்கும் செய்தி. கீழே சொல்லப்படும் ஆயத்தங்கள் எல்லாமே இந்தப் பொருத்தத்தை முன்னிட்டவை.

எந்தச் சட்டத்தின்படி தத்தெடுக்கிறீர்கள் என்பதை முதலில் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள். இந்துக்கள், பௌத்தர்கள், சமணர்கள், சீக்கியர்கள் ஆகியோர் 1956-ஆம் ஆண்டின் இந்து தத்தெடுப்பு மற்றும் ஜீவனாம்சச் சட்டத்தின் கீழ், பெற்ற தாய் தந்தையர் நேரடியாகத் தரும் குழந்தையைத் தத்தெடுத்துக்கொள்ள முடியும். உறவுக்குள் நடக்கும் தத்துகள் பெரும்பாலும் இந்த வழியில்தான் நடைபெறுகின்றன. அந்தச் சட்டத்தில் இல்ல ஆய்வு கட்டாயமில்லை. காப்பகத்தில் உள்ள குழந்தையைத் தத்தெடுப்பதற்கு 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டமும், 2022-ஆம் ஆண்டின் தத்தெடுப்பு ஒழுங்குமுறைகளும் பொருந்தும். இவ்வழி எல்லா மதத்தினருக்கும் திறந்திருக்கிறது என்பதை 2014-இல் ஷப்னம் ஹாஷ்மி வழக்கில் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது. இந்தக் கட்டுரை இரண்டாவது வழியையும், தத்தெடுக்காமலேயே ஒரு குழந்தையைக் குடும்பத்தில் வைத்து வளர்க்க அதே இளைஞர் நீதிச் சட்டம் தரும் வளர்ப்புப் பராமரிப்பையும் பற்றியது.

இவ்வளவு விசாரணை எதற்கு என்ற சலிப்பு இயல்பானது. பிள்ளை பெறும் எவரையும் யாரும் இப்படி விசாரிப்பதில்லையே என்று கேட்பவர்கள் உண்டு. இந்தியக் குழந்தைகள் தத்து என்ற பெயரில் வெளிநாடுகளுக்கு அனுப்பப்பட்ட முறைகேடுகள் குறித்த புகாரின் பேரில், 1984-இல் லட்சுமி காந்த் பாண்டே வழக்கில் உச்ச நீதிமன்றம் விரிவான நெறிமுறைகளை வகுத்தது. விண்ணப்பிக்கும் குடும்பத்தைப் பற்றிய ஆய்வறிக்கை கட்டாயம் என்பது அவற்றுள் முக்கியமான ஒன்று. நம் பக்கத்தில் 2019-இல் நாமக்கல் மாவட்டம் ராசிபுரத்தில் வெளிப்பட்ட குழந்தை விற்பனை வழக்கு, இத்தகைய விசாரணை இல்லாத இடத்தில் என்ன நடக்கும் என்பதைக் காட்டியது. மருத்துவமனை ஊழியர் ஒருவர் மூலமாகவோ இடைத்தரகர் மூலமாகவோ குழந்தையைப் பெற்றுக்கொள்வது இளைஞர் நீதிச் சட்டத்தின் 80, 81-ஆம் பிரிவுகளின்படி தண்டனைக்குரிய குற்றம். விற்றவரோடு வாங்கியவரும் சிறை செல்ல நேரிடும்.

விண்ணப்பிக்கும் முன் நீங்களே பார்த்துக்கொள்ள வேண்டியவை

சில தகுதிகள் இருக்கின்றனவா இல்லையா என்பதை எந்தப் பணியாளரும் வருவதற்கு முன் நீங்களே கணக்கிட்டுவிடலாம். தம்பதியரானால் குறைந்தது 2 ஆண்டுகள் நிலையான மணவாழ்க்கை இருக்க வேண்டும். இருவரின் சம்மதமும் வேண்டும். குழந்தைக்கும் பெற்றோரில் எவருக்கும் இடையே வயது வேறுபாடு 25-க்குக் குறையக் கூடாது. தம்பதியரின் வயதைக் கூட்டினால், 2 வயது வரையிலான குழந்தைக்கு 85, 2 முதல் 4 வயதுக் குழந்தைக்கு 90, 4 முதல் 8 வயதுக் குழந்தைக்கு 100, 8 முதல் 18 வயதுக் குழந்தைக்கு 110 என்ற உச்சவரம்பைத் தாண்டக் கூடாது. தனியொருவராக விண்ணப்பிப்பவருக்கு இவ்வரம்புகள் முறையே 40, 45, 50, 55. பதிவுசெய்யும் நாளில் உள்ள வயதே கணக்கில் கொள்ளப்படும். தனியாக வாழும் ஆண் ஒருவர் பெண் குழந்தையைத் தத்தெடுக்க இயலாது. தனியாக வாழும் பெண்ணுக்கு இத்தகைய தடை இல்லை. ஏற்கெனவே இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட குழந்தைகள் உள்ள தம்பதியர், சிறப்புத் தேவையுடைய குழந்தைகளையோ, எளிதில் குடும்பம் அமையாத குழந்தைகளையோ மட்டுமே தத்தெடுக்க முடியும். உறவினர் தத்துக்கும் மாற்றாந்தாய், மாற்றாந்தந்தை தத்துக்கும் இதில் விலக்கு உண்டு.

குறைந்தபட்ச வருமானம் இவ்வளவு என்று ஒழுங்குமுறைகளில் எந்தத் தொகையும் குறிக்கப்படவில்லை. சொந்த வீடு வேண்டும் என்ற விதியும் கிடையாது. வாடகை வீட்டில் இருப்பவர் அதை எண்ணித் தயங்கத் தேவையில்லை.

ஆவணங்கள்: பெயரும் முகவரியும் தரும் தொல்லை

மத்திய தத்தெடுப்பு ஆதார ஆணையத்தின், அதாவது காராவின் இணையதளத்தில் பதிவுசெய்தபின், உரிய ஆவணங்களை 30 நாட்களுக்குள் பதிவேற்ற வேண்டும். குடும்பப் புகைப்படம், பான் அட்டை, பிறந்த தேதிச் சான்று, இருப்பிடச் சான்று, கடந்த ஆண்டின் வருமானச் சான்று, மருத்துவச் சான்று, திருமணச் சான்று, மணமுறிவு பெற்றவரானால் நீதிமன்றத் தீர்ப்பு, துணையை இழந்தவரானால் இறப்புச் சான்று, உங்களை அறிந்த இருவர் தரும் பரிந்துரைக் கடிதங்கள் ஆகியவை பட்டியலில் உள்ளன. வீட்டில் 5 வயதைக் கடந்த பிள்ளை இருந்தால் அப்பிள்ளையின் சம்மதமும் வேண்டும். உங்களுக்குரிய மூப்பு வரிசை பதிவு முழுமையடைந்த நாளிலிருந்து கணக்கிடப்படுவதால், ஆவணங்களைத் திரட்டி, பிழை திருத்தி, அதன்பின் பதிவுசெய்வதே நல்லது.

தமிழர்களுக்கு இங்கே வரும் முதல் சிக்கல் தலைப்பெழுத்து. ஆதாரில் தலைப்பெழுத்தோடும், பான் அட்டையில் தந்தை பெயர் விரிந்த வடிவிலும், பள்ளிச் சான்றிதழில் வேறொரு எழுத்துக்கோவையிலும் ஒரே மனிதரின் பெயர் மூன்று விதமாக இருப்பது நம்மிடையே சாதாரணம். மணமான பெண்ணின் ஆதாரில் கணவர் பெயரின் முதல் எழுத்தும், பான் அட்டையில் தந்தை பெயரின் முதல் எழுத்தும் இருக்கும். குற்றப் பின்னணி விசாரணையிலும், பின்னர் மாவட்ட ஆட்சியர் பிறப்பிக்கும் தத்து ஆணையிலும், குழந்தையின் பிறப்புச் சான்றிலும் இதே பெயர் தொடர்ந்து வரப்போகிறது. ஆதலால் ஆதாரையும் பான் அட்டையையும் முன்கூட்டியே ஒன்றுபடுத்திவிடுங்கள். திருமணச் சான்று இல்லாதவர்கள் சார்பதிவாளர் அலுவலகத்தில் உடனே விசாரிக்க வேண்டும். தமிழ்நாட்டில் 2009-ஆம் ஆண்டின் திருமணப் பதிவுச் சட்டத்துக்குப் பிறகு நடந்த எல்லாத் திருமணங்களுக்கும் பதிவு கட்டாயம்.

இரண்டாவது சிக்கல் முகவரி. ஆதார் சொந்த ஊரில், குடியிருப்பு சென்னையிலோ கோவையிலோ என்று இருப்பவர்கள், உண்மையில் வசிக்கும் இடத்தையே விண்ணப்பத்தில் குறிப்பிட வேண்டும். இல்ல ஆய்வு நடைபெற வேண்டியது குழந்தை வளரப்போகும் வீட்டில்தான். பாட்டி வீடு வசதியாக இருக்கிறது என்பதற்காக அந்த முகவரியைத் தந்து, ஆய்வு நாளில் மட்டும் அங்கே போய் அமர்ந்திருந்தால், அலமாரியைத் திறந்து பார்க்காமலேயே அது வெளிப்பட்டுவிடும்.

வருமானச் சான்றில் மாதச் சம்பளக்காரர்களுக்குச் சிரமமில்லை. சொந்தத் தொழில் செய்வோரிடம்தான் முரண்பாடு எழுகிறது. வருமான வரிக் கணக்கில் ஆண்டுக்கு மூன்று இலட்சம் என்று காட்டிவிட்டு, நேர்காணலில் மாதம் ஒரு இலட்சம் வருகிறது என்று பெருமையாகச் சொன்னால், பணியாளர் எதை எழுதுவார்? காகிதத்தில் உள்ளதையே சொல்லுங்கள். கடன், தவணை இருந்தால் அவற்றையும் சொல்லுங்கள். வரிக் கணக்குத் தாக்கல் செய்யாதவர்கள் இ-சேவை மையம் வழியாக வட்டாட்சியரின் வருமானச் சான்றைப் பெற்றுக்கொள்ளலாம்.

மருத்துவச் சான்றைப் பொறுத்தவரை, உயிருக்கு ஆபத்தான நோய் இருக்கக் கூடாது என்பது ஒழுங்குமுறை. சர்க்கரை நோயும் இரத்தக் கொதிப்பும் உள்ளவர்கள் தங்களை உடனே நிராகரித்துவிடுவார்கள் என்று பயந்து அதை மறைக்க முயல்வது தவறான வழி. என்ன நோய், என்ன மருந்து, எவ்வளவு காலமாகக் கட்டுப்பாட்டில் உள்ளது, குழந்தை வளர்க்கும் திறனை அது பாதிக்குமா என்பதை மருத்துவரே தெளிவாக எழுதித் தரும்படி கேளுங்கள். மன அழுத்தத்துக்குச் சிகிச்சை பெற்றிருந்தாலும் அப்படியே. மகப்பேறு சிகிச்சைகள் தோல்வியடைந்த காலத்தில் மனநல ஆலோசனை பெறுவது எவருக்கும் நேரக்கூடியது. சிகிச்சை பெற்றவரைக் காட்டிலும், பெற வேண்டிய நிலையிலிருந்தும் பெறாதவரைப் பற்றித்தான் அனுபவமுள்ள பணியாளர் கவலைப்படுவார் என்பது என் கருத்து.

பரிந்துரைக் கடிதம் தருவோரைத் தேர்ந்தெடுக்கும்போது பதவியைப் பார்க்காதீர்கள். சட்டமன்ற உறுப்பினரின் கடிதத்தாளில் வாங்கிய இரண்டு வரியைவிட, உங்கள் வீட்டுக்கு அடிக்கடி வந்துபோகும் பக்கத்துவீட்டு ஆசிரியை, அவருடைய குழந்தையை உங்கள் பொறுப்பில் விட்டுச் சென்ற அனுபவத்தைப் பற்றி எழுதும் கடிதம் பயனுள்ளது. கடிதம் தருபவரிடம் தொலைபேசியில் விசாரிக்கக்கூடும் என்பதையும் சொல்லிவையுங்கள்.

குற்றப் பின்னணி

ஒழுங்குமுறையின் சொற்கள் இங்கே நுட்பமானவை. விண்ணப்பிப்பவர் எந்தவகைக் குற்றத்திலும் தண்டிக்கப்பட்டிருக்கக் கூடாது. குழந்தை உரிமை மீறல் தொடர்பான வழக்கில் குற்றஞ்சாட்டப்பட்டவராகவும் இருக்கக் கூடாது. அதாவது பொதுவான குற்றங்களில் நீதிமன்றம் தண்டித்திருக்கிறதா என்பது அளவுகோல். குழந்தைகளுக்கு எதிரான குற்றங்களில் வழக்கு இருப்பதே தடையாகப் போதுமானது. போக்சோ சட்டத்தின் கீழ் ஒரு வழக்கு நிலுவையில் இருந்தால், தீர்ப்பு வரட்டும் என்று குழந்தையை அந்த வீட்டில் வைத்துக்கொண்டு காத்திருக்க முடியாது என்பதே இந்த வேறுபாட்டின் காரணம்.

நிலத்தகராறு, காசோலை வழக்கு, தெருச்சண்டையில் இரு தரப்பின் மீதும் பதிவான வழக்கு போன்றவை நம் ஊர்களில் அரிதல்ல. இவற்றுள் எது இருந்தாலும், தண்டனை இல்லை என்ற நம்பிக்கையில் பேசாமல் இருந்துவிடாதீர்கள். வழக்கு எண், நீதிமன்றம், தற்போதைய நிலை ஆகியவற்றை ஒரு தாளில் எழுதி, விடுதலைத் தீர்ப்போ சமரச ஆவணமோ இருந்தால் அதன் நகலோடு, முதல் சந்திப்பிலேயே கொடுத்துவிடுங்கள். காவல் நிலைய விசாரணையில் பின்னர் தெரியவரும்போது, வழக்கைவிட அதை மறைத்ததே பெரிய குறையாக அறிக்கையில் இடம்பெறும்.

காவல்துறைச் சரிபார்ப்பு கேட்கப்பட்டால், தமிழ்நாடு காவல்துறையின் இணையதளத்தில் அதற்கென உள்ள சேவையில் விண்ணப்பிக்கலாம். வெளிநாட்டில் இருந்த காலத்துக்கும் சான்று கேட்கப்பட்டால் அது அந்த நாட்டிலிருந்து பெறப்பட வேண்டியது. அதற்கு மாதக்கணக்கில் ஆகலாம் என்பதால் வளைகுடாவிலோ சிங்கப்பூரிலோ பணியாற்றித் திரும்பியவர்கள் முன்னதாகவே தொடங்கிவிடுவது நல்லது. வீட்டில் உங்களோடு நிரந்தரமாகத் தங்கியிருக்கும் மற்றவர்களையும் மறந்துவிடாதீர்கள். தம்பி, மைத்துனன், வயதான மாமனார் என யாராக இருந்தாலும் குழந்தையோடு ஒரே கூரையின் கீழ் இருக்கப்போகிறவர்கள் என்பதால் அவர்களைப் பற்றியும் கேள்விகள் வரும்.

பணியாளர் வீட்டுக்கு வரும்போது

தத்துக்குரிய குழந்தைகளைப் பராமரிக்கும் சிறப்புத் தத்தெடுப்பு நிறுவனத்தின் சமூகப் பணியாளரோ, மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகைச் சேர்ந்தவரோ இல்ல ஆய்வை மேற்கொள்வார். ஆவணங்கள் சமர்ப்பிக்கப்பட்ட நாளிலிருந்து 60 நாட்களுக்குள் இது முடிக்கப்பட வேண்டும். இதற்கான கட்டணம் 6,000 ரூபாய். உரிய வழியில் செலுத்தி இரசீது பெற்றுக்கொள்ளுங்கள். இதற்கு மேல் நன்கொடை என்றோ அன்பளிப்பு என்றோ யாரேனும் கேட்டால் தர வேண்டியதில்லை; தருவதாக நீங்களே முன்வருவதும் கூடாது.

வருகை நாளன்று பல வீடுகளில் பெண் பார்க்க வருவதைப் போல ஏற்பாடு நடக்கிறது. புதிய திரைச்சீலை, பஜ்ஜி, சொஜ்ஜி, கணவருக்கு இஸ்திரி போட்ட சட்டை, மாமியாருக்கு என்ன பேச வேண்டும் என்ற பயிற்சி. இவற்றால் பயன் இல்லை. வந்தவர் பார்ப்பவை வேறு: தண்ணீர்த் தொட்டிக்கு மூடி இருக்கிறதா, மாடிப்படிக்கும் பால்கனிக்கும் தடுப்பு உண்டா, குழந்தை எங்கே படுக்கும், கழிவறை எப்படி இருக்கிறது, பள்ளியும் மருத்துவமனையும் எவ்வளவு தொலைவு. குழந்தைக்கென்று தனி அறை தேவையில்லை. கிணறு திறந்து கிடந்தால் அதற்கு வலை போட்டு வையுங்கள்; ஆய்வு முடிந்தபின் எடுத்துவிடாதீர்கள்.

உரையாடலே ஆய்வின் மையம். அறிக்கையின் படிவத்தில் விண்ணப்பிப்போர் தம்மைத் தாமே மதிப்பிட்டு எழுதும் பகுதியும், பணியாளரின் மதிப்பீட்டுப் பகுதியும் உண்டு. முதல் பகுதியை இணையத்தில் கிடைத்த மாதிரியைப் பார்த்து எழுதினால் இரண்டாம் பகுதியில் அது தெரிந்துவிடும். கணவனும் மனைவியும் சேர்ந்தும் தனித்தனியாகவும் பேச வேண்டியிருக்கும். ஏன் தத்தெடுக்க விரும்புகிறீர்கள் என்ற கேள்விக்கு, ‘ஓர் அநாதைக் குழந்தைக்கு வாழ்வு கொடுக்க’ என்ற பதில் உயர்வாகத் தோன்றலாம். ஆனால் நன்றிக்கடன் எதிர்பார்க்கும் பெற்றோரிடம் வளரும் குழந்தையின் நிலையைப் பணியாளர்கள் அறிவார்கள். எங்களுக்குப் பிள்ளை வேண்டும் என்பதே நேரான பதில், அது குறைந்த பதிலும் அல்ல. மாமனார் மாமியாரின் நச்சரிப்புக்காக ஒருவர் சம்மதித்திருக்கிறார், மற்றவருக்கு முழு மனம் இல்லை என்பது தனிப் பேச்சில்தான் வெளிவரும். அப்படி இருந்தால் பதிவைத் தள்ளிவைப்பது உங்களுக்கும் நல்லது.

குழந்தையின்மைச் சிகிச்சையைப் பற்றிக் கண்டிப்பாகக் கேட்பார்கள். சிகிச்சை இன்னும் நடக்கிறதா, முடிவுக்கு வந்துவிட்டதா, கருச்சிதைவோ குழந்தையின் மறைவோ நேர்ந்திருந்தால் அதற்குப்பின் எவ்வளவு காலம் கடந்திருக்கிறது என்பவை வேதனையான கேள்விகள்தாம். இழந்த குழந்தையின் இடத்தை நிரப்புவதற்காக வரும் குழந்தை, பார்த்தறியாத ஒருவரோடு வாழ்நாள் முழுதும் ஒப்பிடப்படும். அதைத் தவிர்க்கத்தான் கேட்கிறார்கள். அழுகை வந்தால் அழுதுவிடுவதில் தவறில்லை. அதற்காக யாரும் மதிப்பெண் குறைப்பதில்லை.

தத்து என்பதைக் குழந்தையிடம் எப்போது, எப்படிச் சொல்வீர்கள் என்ற கேள்வியில்தான் நம் குடும்பங்கள் தடுமாறுகின்றன. யாருக்கும் தெரியக் கூடாது என்று வேறு ஊருக்கு வீடு மாறுவது, கருவுற்றிருப்பதாக உறவினரை நம்பவைப்பது போன்ற எண்ணங்கள் இருந்தால் அவை பேச்சில் வெளிப்படும். இரகசியமாகவே வைத்திருக்க நினைப்பவரைப் பணியாளர் ஆலோசனைக்கு அனுப்புவார். கணவனும் மனைவியும் இதைப் பற்றி ஆய்வுக்கு முன் ஒருமுறையேனும் மனம்விட்டுப் பேசி, ஒரே முடிவுக்கு வந்திருக்க வேண்டும்.

வீட்டுப் பெரியவர்களின் சம்மதத்தைச் சட்டம் கேட்கவில்லை. ஆனால் அவர்களது மனப்போக்கு அறிக்கையில் இடம்பெறுகிறது. என்ன சாதிக் குழந்தை என்று தெரியுமா, நிறமாக இருக்குமா என்று தாத்தா கேட்டுவிட்டால் எல்லாம் போயிற்று என்று நினைக்க வேண்டாம். அந்தக் கேள்விக்கு நீங்கள் என்ன பதில் சொல்கிறீர்கள் என்பதையே பணியாளர் குறித்துக்கொள்வார். கூட்டுக் குடும்பமானால் பெரியவர்களிடம் முன்னதாகப் பேசி, அவர்களையும் உரையாடலில் அமர்த்துங்கள். கோயிலுக்குப் போயிருக்கிறார்கள் என்று சொல்லி அவர்களை ஆய்வு நாளில் அப்புறப்படுத்துவது ஐயத்தை வளர்க்கும். ஏற்கெனவே பிள்ளை இருந்தால் அப்பிள்ளையிடமும் பேசுவார்கள். அதற்குச் சொல்லிக்கொடுத்து வைக்காதீர்கள்.

தனியொருவராக விண்ணப்பிப்போரிடம் கூடுதலாக ஒன்று கேட்கப்படும்: உங்களுக்கு ஏதேனும் நேர்ந்தால் குழந்தையை யார் பார்த்துக்கொள்வார்? இதற்கு நெருங்கிய உறவினர் ஒருவரின் எழுத்துப்பூர்வ உறுதிமொழி வேண்டும். அவரையும் பணியாளர் சந்திக்க விரும்பலாம். சம்மதம் வாங்கியிருப்பதோடு, அவர் குடும்பத்தாருக்கும் அது தெரிந்திருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள்.

வளர்ப்புப் பராமரிப்பில் உள்ள வேறுபாடுகள்

வளர்ப்புப் பராமரிப்பில் குழந்தை சட்டப்படி உங்கள் பிள்ளையாவதில்லை. பெற்றோரால் தற்காலிகமாகவோ நெடுங்காலமாகவோ வளர்க்க இயலாத குழந்தையை, இளைஞர் நீதிச் சட்டத்தின் 44-ஆம் பிரிவின்படி, குழந்தைகள் நலக் குழுவின் ஆணையால் ஒரு குடும்பத்தில் வைக்கிறார்கள். மத்திய அரசின் குழந்தைகள் பாதுகாப்புத் திட்டமான மிஷன் வாத்சல்யாவின் கீழ் மாதம் 4,000 ரூபாய் உதவித்தொகை உண்டு. தொகை வருவதாலேயே பொருளாதாரப் பின்னணி இங்கே வேறு கோணத்தில் பார்க்கப்படுகிறது: இந்தத் தொகை இல்லாமலும் குடும்பம் நடக்குமா, வீட்டு வேலைக்கோ கடை வேலைக்கோ ஆள் தேவைப்படுவதால் விண்ணப்பிக்கிறார்களா என்று துருவிக் கேட்பார்கள். அக்கம்பக்கத்தாரிடமும் விசாரிப்பார்கள். வீட்டில் வசிக்கும் அனைவரின் மருத்துவ அறிக்கையும், காசநோய், எச்.ஐ.வி., ஹெபடைடிஸ் பி ஆகியவற்றுக்கான பரிசோதனையும் கேட்கப்படுகின்றன. குற்றத் தண்டனையோ குற்றச்சாட்டோ இல்லாத குடும்பமாக இருக்க வேண்டும்.

இங்கே சோதிக்கப்படும் மற்றொரு பண்பு, விட்டுக்கொடுக்கும் மனம். குழந்தையின் சொந்தப் பெற்றோர் அவ்வப்போது பார்க்க வருவதற்குக் குழு அனுமதிக்கலாம். ஒருநாள் குழந்தை அவர்களிடமே திரும்பிப் போகலாம். அதை ஏற்க முடியாதவர்கள் தத்தெடுப்புக்கு விண்ணப்பிப்பதே முறை. வளர்ப்புப் பராமரிப்பைத் தத்துக்கான குறுக்குவழியாகக் கருதுவோரைப் பணியாளர்கள் எளிதில் அடையாளம் காண்கிறார்கள். 2024-ஆம் ஆண்டின் மாதிரி வழிகாட்டு நெறிகள் தனியொருவரும் வளர்ப்புப் பெற்றோராக விண்ணப்பிக்க வழிவகுத்தன. தத்துக்கு உரியதாகும் குழந்தையை வளர்ப்புப் பெற்றோரே தத்தெடுக்கக் காத்திருக்க வேண்டிய காலமும் 5 ஆண்டுகளிலிருந்து 2 ஆண்டுகளாகக் குறைந்தது. எனினும் பின்னணிச் சரிபார்ப்பில் தளர்வு இல்லை. குழந்தை வந்தபின்னரும் குழந்தைகள் நலக் குழு மாதந்தோறும் வந்து பார்க்க வேண்டும் என்று சட்டமே சொல்கிறது; கவனிப்பில் குறை கண்டால் குழந்தையை வேறு குடும்பத்துக்கு மாற்றிவிடுவார்கள்.

வெளிநாட்டில் வாழ்வோர்

வெளிநாடு வாழ் இந்தியர் இந்தியக் குழந்தையைத் தத்தெடுக்கும்போது, வசிக்கும் நாட்டில் காராவால் அங்கீகரிக்கப்பட்ட நிறுவனமோ அந்நாட்டின் உரிய அமைப்போ இல்ல ஆய்வை நடத்தும். அந்நாட்டுக் காவல்துறைச் சான்று தவறாது வேண்டும். அமெரிக்காவில் வாழும் தமிழர்களுக்கு இது இன்னும் கடுமையானது: 2006-ஆம் ஆண்டின் ஆடம் வால்ஷ் சட்டத்துக்குப் பிறகு, விண்ணப்பிப்போரின் கைரேகையைக் கொண்டு தேசியக் குற்றப் பதிவேடுகளில் தேடுகிறார்கள், அதோடு வீட்டில் உள்ள வயதுவந்தோர் அனைவரும் கடந்த 5 ஆண்டுகளில் வசித்த ஒவ்வொரு மாநிலத்திலும் குழந்தை வன்கொடுமைப் பதிவேட்டைச் சரிபார்க்கிறார்கள். பேறுகாலத்துக்கோ குழந்தையைப் பார்த்துக்கொள்ளவோ ஊரிலிருந்து வந்து நீண்டநாள் தங்கும் பெற்றோரை வீட்டு உறுப்பினராகக் கணக்கிட வேண்டுமா என்பதை உங்கள் நிறுவனத்திடம் தொடக்கத்திலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

அறிக்கைக்குப் பின்

அறிக்கை பாதகமாக அமைந்தால் அதற்கான காரணத்தை இணையதளத்தில் பதிவுசெய்ய வேண்டியது நிறுவனத்தின் கடமை. காரணம் தவறென்று கருதினால் காராவிடம் மேல்முறையீடு செய்யலாம். ஆவணக் குறையாக இருப்பின் அதை நிறைவுசெய்வதே விரைவான வழி. பணியாளர் தகாத முறையில் நடந்துகொண்டதாக எண்ணினால், தேதி, நேரம், நடந்தது ஆகியவற்றை எழுதி மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலுவலரிடம் கொடுங்கள். உங்களுக்குப் பிடிக்காத கேள்வியைக் கேட்டார் என்பது மட்டும் புகாராகாது.

சாதகமான அறிக்கை 3 ஆண்டுகளுக்குச் செல்லுபடியாகும். நாட்டின் எந்தப் பகுதியிலிருந்து குழந்தை வந்தாலும் இதே அறிக்கை போதும். 2024-25-இல் நாடு முழுவதும் நடந்த தத்துகள் 4,515. காத்திருக்கும் குடும்பங்களோ இதைப் போலப் பல மடங்கு. ஆகவே பச்சிளங்குழந்தைக்காகப் பதிவுசெய்தவர்களில் பலருக்கு முறை வருவதற்குள் அறிக்கை காலாவதியாகிவிடுகிறது. முடியும் தேதியை நாட்காட்டியில் குறித்துவைத்து, சில மாதங்களுக்கு முன்பே மறுமதிப்பீட்டுக்கு நிறுவனத்தை அணுகுங்கள். இடைக்காலத்தில் வேலை மாற்றம், வீடு மாற்றம், கருத்தரிப்பு, கடும் நோய், மணமுறிவு, புதிதாகப் பதிவான வழக்கு என எது நேர்ந்தாலும் தெரிவியுங்கள். குழந்தையின் விவரம் இணையதளத்தில் வந்ததும் 48 மணி நேரத்துக்குள் ஏற்பதாகப் பதிவுசெய்ய வேண்டும் என்பதால் கைப்பேசி எண்ணும் மின்னஞ்சலும் எப்போதும் நடப்பில் உள்ளவையாக இருக்கட்டும்.

குழந்தை வீட்டுக்கு வந்தபிறகு 2 ஆண்டுகளுக்கு, 6 மாதங்களுக்கு ஒருமுறை பணியாளர் வந்து பார்த்து அறிக்கை பதிவேற்றுவார். ஆய்வின்போது எழுதிக் கொடுத்த தாள்களின் நகல்களை ஒரு கோப்பில் வைத்திருங்கள். முதல் வருகையின்போது பெரும்பாலும் அவற்றிலிருந்துதான் கேள்விகள் தொடங்கும்.